நாலு கருவும் ஒரு மப்ளரும்

சார், ஒரு உபகாரம். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துச் சாத்திடுங்க. முழுசா வேண்டாம், முக்கால்வாசி. உங்களுக்கு வேர்க்கும், தெரியுது. எனக்குக் கழுத்துல காத்து படக்கூடாது. தொண்டை. தூசி ஒத்துக்காது. சித்திரை வெயில்ல மப்ளர் சுத்தியிருக்கானேன்னு எல்லாரும் பார்க்கத்தான் செய்றாங்க, நீங்க பார்த்ததுல தப்பில்லை. முப்பத்திரண்டு வருசம் பள்ளிக்கூடத்துல இதோடதான் பாடம் நடத்தினேன். பையங்க எனக்கு வச்ச பேரே மப்ளர் சார். வேலாயுதபெருமாள்னு கேட்டா கோவில்பட்டியில ஒருத்தருக்கும் தெரியாது. மப்ளர் சார்னா ஆட்டோக்காரரே வீட்டுல கொண்டாந்து விட்டுடுவார்.

நாகர்கோவிலா? நானும் அங்கதான். அப்ப வடசேரி வரைக்கும் உங்களுக்கு என் தொல்லைதான்.

மேல நீளமா, வேட்டித் துணியில சுருட்டி வச்சிருக்கேன் பாருங்க, அது மேல பையைச் சாய்ச்சிடாதீங்க. படம். சார்ட்டு. நானே வரைஞ்சது. விலங்கியல் வாத்தியார் நான். எண்பத்தொன்பதுல மாவட்டக் கண்காட்சியில முதல் பரிசு வாங்கின படம் அது. துணியில ஒட்டி, மேலயும் கீழயும் மூங்கில் குச்சி வச்சு, சும்மா சொல்லக்கூடாது, இன்னைக்கும் சாயம் மங்கலை. இதைக் கொண்டுவராதீங்கன்னுதான் என் மக சொன்னா. கொண்டுவந்துட்டேன். கேட்டா ஏதாவது சொல்லிக்கலாம். எனக்கு ஓய்ஞ்சுபோச்சு சார். சண்டை போடவும் தெம்பில்லை, சமாதானம் பேசவும் தெம்பில்லை.

பேத்தி பிறந்திருக்கா. ஆமா, சந்தோசமான விசயம்தான். செவ்வாக்கிழமை பிறந்தா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரணும், அதுதானே வழக்கம்? வரமாட்டேன்னுட்டா. என் வீட்டுக்காரி சண்முகவடிவு அங்க போயிருக்கா, ரெண்டு மாசமாச்சு. நான் தனியாப் பொங்கித் தின்னுக்கிட்டு கிடந்தேன். மக என்கூடப் பேசி ஆறு வருசம் ஆகப்போகுது. நேத்துதான் பேசினா. எல்லாத்துக்கும் காரணம் அந்த மேல இருக்கிற படம்தான்னு வச்சுக்கங்க.

என்ன படமா? நாலு கரு சார். மீன், ஆமை, கோழி, மனுசன். மேல் வரிசை, ஆரம்பத்துல எப்படி இருக்கும்ங்கிறது. நடு வரிசை, கொஞ்சம் வளர்ந்தது. கீழ் வரிசை, வெளிய வரப்போற சமயம். கீழ் வரிசையைக் காட்டினா ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையும் இது மீன், இது மனுசன்னு சொல்லிடும். நான் என்ன செய்வேன்னா, கீழ ரெண்டு வரிசையையும் ஒரு பேப்பரால மறைச்சுட்டு, மேல் வரிசையை மட்டும் காட்டி, ‘இதுல எது மனுசன்?’னு கேப்பேன். வகுப்பே கத்தும். ஒருத்தன் ஆமையைக் காட்டுவான், ஒருத்தன் கோழியைக் காட்டுவான். கடைசியில பேப்பரை எடுத்துட்டு நான் சிரிப்பேன். முப்பத்திரண்டு வருசம் அதே கேள்வி, அதே சிரிப்பு. நினைச்சா இப்ப அலுப்பாத்தான் இருக்கு. அப்ப அலுக்கலை.

நாலுக்கும் கழுத்துப் பக்கத்துல மடிப்பு மடிப்பா இருக்கும் சார். மீனுக்கு அந்த மடிப்பு செவுளாயிடும். நமக்கு அதே மடிப்பு தாடையாவும், காதுக்குள்ள இருக்கிற குட்டி எலும்பாவும், தொண்டையாவும் மாறிடும். நமக்கு அது செவுளா வேலை செஞ்சதே கிடையாது, அதைத் தப்பாச் சொல்லக்கூடாது. மடிப்புதான். நடுவுல இருக்கிற பள்ளம் பிறக்கிறதுக்குள்ள மூடிக்கும். மனுசனைத் தனியா, வெறும் மனையில புதுசாக் கட்டியிருந்தா அந்த மடிப்பு அங்க எதுக்கு? பழைய வீட்டை வாங்கி, இடிக்காம, மாத்திக் கட்டுறவங்க வீட்டைப் பார்த்திருப்பீங்க. சுண்ணாம்பு அடிச்ச பிறகும் சுவத்துல ஒரு வளைவு தெரியும். ‘இங்க முன்னாடி வாசல் இருந்துச்சு’ம்பாங்க. அதேதான். திமிங்கிலத்துல ஒரு வகைக்குப் பல்லே கிடையாது. ஆனா தாய் வயித்துல இருக்கும்போது பல்லு முளைக்க ஆரம்பிச்சு, அப்புறம் இல்லாமப் போயிடும். இல்லாத பல்லு எதுக்கு முளைக்கணும்? அதோட முன்னோருக்குப் பல்லு இருந்துச்சு. அதான் காரணம். கருவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது சார். நான் வகுப்புல அடிக்கடி சொல்ற வார்த்தை அது. கரு பொய் சொல்லாது.

பின்னாடி ரேணுகாதேவின்னு ஒரு டீச்சர் வந்தா, சின்ன வயசு. ‘சார், இந்த மாதிரிப் படத்தை முதல்ல வரைஞ்ச வெளிநாட்டுக்காரர், ஒத்துமை தூக்கலாத் தெரியணும்னு வித்தியாசத்தையெல்லாம் மழுப்பிட்டார். இப்பப் புத்தகத்துல போட்டோதான் போடுறாங்க’ன்னா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவ சொன்னது நிசம்தான். ஆனா படத்தை ஆள் மழுப்பலாம், முட்டையை மழுப்ப முடியுமா? ஒரு மரப்பெட்டியில பல்பு போட்டு, கோழிமுட்டையை வச்சு, மூணாம் நாள் ஓட்டுல வட்டமா ஒரு ஜன்னல் வெட்டிக் காட்டினேன். மஞ்சக்கரு மேல குண்டூசித் தலையளவுக்குச் செகப்பு, துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. லென்ஸ் வச்சுப் பார்த்தா கழுத்துல அந்த மடிப்பு. ‘பாரும்மா’ன்னேன். ‘ஆமா சார்’னா. அவ்வளவுதான்.

கண்டக்டர், திருநெல்வேலியில எவ்வளவு நேரம் நிக்கும்? பத்து நிமிசமா? சரி சரி.

எங்க விட்டேன்? மக. சுபாஷிணி. ஒரே மக. அவ பிறந்தப்ப கழுத்துல, காலர் எலும்புக்கு மேல, வலது பக்கம் கடுகளவுக்கு ஒரு ஓட்டை இருந்துச்சு. குளிப்பாட்ட வந்த அம்மாதான் முதல்ல பார்த்தது. சளி பிடிச்சா அதுல ஒரு சொட்டு நீர் கசியும். வேற ஒண்ணும் கிடையாது. எனக்குப் பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. சொன்னேன்ல, பள்ளம் மூடிக்கும்னு? சிலருக்கு முழுசா மூடாது. பழைய வாசலை அடைச்ச கொத்தனார் ஒரு செங்கல்லை விட்டுட்டுப் போன மாதிரி.

எங்கம்மா அப்ப இருந்தா. ஐப்பசியில சூரிய கிரகணம் வந்துச்சு, வடிவு மாசமா இருந்தா. காலங்காத்தால மீன்காரம்மா வந்துட்டா. இவ சாளையை வாங்கி வச்சுக்கிட்டு அலசிக்கிட்டு இருந்திருக்கா. அவ்வளவுதான், எங்கம்மா பிடிச்சுக்கிட்டா. ‘கெரகணத்துல மீன் செவுளைக் கிள்ளுனா, பிள்ளை கழுத்துல செவுளு வராம என்ன செய்யும்?’னா. வர்றவுக போறவுக எல்லார்கிட்டயும் சொன்னா. பிள்ளை பார்க்க வந்தவங்க பிள்ளையைப் பார்த்துட்டு வடிவு கையைப் பார்த்தாங்க. வேடிக்கை என்னன்னா, செவுள்ங்கிறதுல எங்கம்மா கிட்டத்தட்ட சரி. படிக்காதவ. காரணம்தான் தப்பு.

நான் விடலை சார். அந்த விசயத்துல என்னைக் குறை சொல்ல முடியாது. தெருவுல நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வச்சு, சுவத்துல இந்தப் படத்தை மாட்டி, ‘கிரகணமாவது மண்ணாங்கட்டியாவது, சூரியனுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?’னு ஒரு மணி நேரம் பேசினேன். பெத்த தாயை எதிர்த்துப் பேசினேன் சார், பொண்டாட்டிக்காக. எங்கம்மா கடைசியில, ‘அப்ப எதனாலடா வந்துச்சு, நீயே சொல்லு’ன்னு என் முகத்தையே பார்த்தா. ‘இயற்கை’ன்னேன். படத்தைச் சுருட்டிட்டேன்.

 வடிவு சுபாவமே அமைதி. அன்னையில இருந்து மீன் அறுக்குறதை மட்டும் விட்டுட்டா. கையால தொடமாட்டா. நானும் கட்டாயப்படுத்தலை. மார்க்கெட்லயே சுத்தம் பண்ணி வாங்கிட்டு வந்து நானே கழுவிக் கொடுத்துடுவேன். முப்பது வருசமா நான்தான் செய்றேன். எத்தனை ஆம்பளை செய்வான் சொல்லுங்க?

பிள்ளைக்குப் பன்னெண்டு வயசுல அந்த ஓட்டையில சீழ் பிடிச்சு, கழுத்து வீங்கி, காய்ச்சல். மதுரைக்குக் கொண்டுபோனோம். ஆபரேசன் பண்ணி எடுத்துடலாம்னாங்க. நல்ல டாக்டர். எல்லாம் எழுதிக்கிட்டே வந்தவர், ‘ரத்த சொந்தத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?’ன்னார். ‘எங்க பக்கம் கிடையாது சார், அவங்க பக்கம் விசாரிக்கணும்’னேன். வடிவு பக்கத்துல உட்கார்ந்திருந்தா. பிள்ளை நடுவுல. டாக்டர் எழுதிக்கிட்டார். திரும்பி வரும்போது பஸ்சுல, சாத்தூர் தாண்டி, ‘எங்க பக்கமும் கிடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்’னா. அவ்வளவுதான் பேசினா. எனக்குத் தூக்கம் வர்ற மாதிரி இருந்துச்சு, கண்ணை மூடிக்கிட்டேன்.

தழும்பு இருந்துச்சு, விரல் நீளத்துக்கு. நான் அந்தப் பிள்ளையை எவ்வளவு தைரியமா வளர்த்தேன் தெரியுமா? ‘இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லைடா, நீ மறைக்காதே, கேக்குறவங்களுக்கு விளக்கிச் சொல்லு, நாம எல்லாரும் ஒரே வழியா வந்தவங்கங்கிறதுக்குச் சாட்சி உன் கழுத்துல இருக்கு’ன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அவ அம்மாதான் சட்டைக்கெல்லாம் காலர் வச்சுத் தைச்சுக் கொடுப்பா. நான் திட்டுவேன். ஒருதடவை பிள்ளை, ‘அப்ப நீங்க ஏம்ப்பா...’ன்னு ஆரம்பிச்சா. என்னான்னேன். ஒண்ணுமில்லைன்னு போயிட்டா. பிள்ளைங்க அப்படித்தான், எதையாவது ஆரம்பிக்கும், விட்டுட்டு விளையாடப் போயிடும்.

நெல்லை வந்தாச்சு. டீ குடிக்கிறீங்களா? வேண்டாமா? நானும் இறங்கலை. இறங்கினா இறங்கின இடத்துலயே நின்னுடுவேன், அப்படி இருக்கு உடம்பு.

விருதுநகர்ல இருந்து வந்தாங்க பொண்ணு பார்க்க. மாப்பிள்ளை இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்தான். நல்ல பையன். சுபாவுக்கும் பிடிச்சிருந்துச்சு, போட்டோவைப் பார்த்துட்டு அம்மாகிட்ட சிரிச்சிருக்கா. அவ சிரிச்சதை வடிவு என்கிட்ட வந்து சொன்னா. அன்னைக்கு வீடே வேற மாதிரி இருந்துச்சு சார். கேசரி, வடை எல்லாம் ஆச்சு. பிள்ளை பட்டுச்சேலை கட்டி வந்து நின்னா. பையனோட அம்மா நல்லவிதமாத்தான் கேட்டாங்க, ‘கழுத்துல என்னம்மா தழும்பு?’ன்னு. ‘சின்ன வயசுல ஒரு கட்டி, எடுத்துட்டோம்’னு வடிவு சொல்லிட்டா. அதோட முடிஞ்சிருக்கும்.

எனக்குப் பொறுக்கலை. பொய் சொல்லி ஒரு சம்பந்தம் பண்ணணுமா? நான் யார்? முப்பத்திரண்டு வருசம் அறிவியல் சொல்லிக் கொடுத்தவன். பீரோவுக்குப் பின்னாடி இருந்த படத்தை எடுத்தேன். காலண்டரைக் கழட்டிட்டு அந்த ஆணியில மாட்டினேன். பேப்பரை வச்சு மறைச்சேன். பையனோட அம்மாவைப் பார்த்து, ‘இதுல எது மனுசன், சொல்லுங்க பார்ப்போம்’னேன்.

பாவம், அந்தம்மா கையில கேசரித் தட்டோட எழுந்து நின்னுட்டாங்க. வாத்தியார் கேட்டா எழுந்திருக்கணும்னு பழக்கம் போல. ரொம்ப நேரம் பார்த்துட்டு, ஆமையைக் காட்டினாங்க. நான் வழக்கம்போலச் சிரிச்சேன். வேற யாரும் சிரிக்கலை. மாப்பிள்ளையோட தாய்மாமன் ஒருத்தர், மீசைக்காரர், ‘என்ன வாத்தியாரே, உங்க பிள்ளையை மீனுங்கிறீங்களா?’ன்னார். ‘உங்க மருமகனும்தான்’னேன். சொல்லியிருக்கக்கூடாது. ஆனா அது உண்மைதானே சார்?

அப்புறம் அந்த மீசைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். என் சர்வீஸ்ல ஒரு பையன் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ‘எல்லாருக்கும் அந்தப் பள்ளம் மூடிக்கிடும்ங்கிறீங்க. இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மூடலை? வம்சத்துல யாருக்காச்சும் உண்டா?’ன்னார். வடிவு அடுக்களை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்தா. சுபாவும் அப்பத்தான் முதல்தடவையாத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. நான் குச்சியை எடுத்து, ‘நாப்பது கோடி வருசத்துக்கு முன்னாடி’ன்னு ஆரம்பிச்சேன்.

போய்ப் போன் பண்றோம்னு போனாங்க. பண்ணலை. ராத்திரி சாப்பிடும்போது சுபா, ‘நாப்பது கோடி வருசம் பின்னால போக முடியுதுல்லப்பா உங்களால’ன்னா. பாராட்டுறாளா திட்டுறாளான்னு எனக்குப் புரியலை. அதுதான் அவ என்கிட்ட கடைசியாப் பேசினது. ஒரு மாசத்துல நாகர்கோவிலுக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டா, கூட்டுறவு பேங்க்ல வேலை. கூட வேலை பார்த்த சிவதாணுங்கிற பையனைக் கட்டிக்கிட்டா. கல்யாணத்துக்குப் போனேன். தாரை வார்த்தேன். மேடையில நிக்கும்போதுகூட ஒரு வார்த்தை பேசலை. படம் மாட்டினதுக்கு இப்படியா ஒரு தண்டனை?

அப்படித்தான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நேத்து வரைக்கும்.

நேத்து வடிவு போன்ல கூப்பிட்டா. ‘பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு’ன்னா. அவ்வளவுதான் சொன்னா.  அப்புறம் போன் கை மாறுது, சுபா. ஆறு வருசம் கழிச்சு அந்தக் குரல். நல்லா இருக்கீங்களான்னெல்லாம் கேக்கலை. ‘அப்பா, எங்க அத்தை கேக்காங்க, ஆவணி கிரகணத்தன்னைக்கு நீ என்னத்தம்மா வெட்டுனேன்னு. நான் ஒண்ணும் வெட்டலைன்னேன். நம்பலை. பக்கத்து பெட்டுக்காரங்க எல்லாம் என் கையைப் பார்க்காங்க. டாக்டர் வந்து பரம்பரையில யாருக்காச்சும் உண்டான்னு கேட்டார். எனக்குன்னேன். உங்களுக்கு முன்னாடி யாருக்குன்னார். அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கா. இன்னைக்கும் நிக்காப்பா. உங்களுக்காக.’

போனைக் காதை விட்டு எடுக்கலை நான். 

‘நாலாங்கிளாஸ் படிக்கும்போதே பார்த்துட்டேன்ப்பா’ன்னா. ‘கிணத்தடியில குளிச்சுட்டு, துண்டு தேடினீங்க. ரெண்டு பக்கமும் இருந்துச்சு. எங்கப்பா மாதிரியே எனக்கும் இருக்குன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம். நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். மதுரை டாக்டர்கிட்ட சொல்வீங்கன்னு நினைச்சேன். பொண்ணு பார்க்க வந்தவங்க கேட்டப்பயாவது சொல்வீங்கன்னு நினைச்சேன். நீங்க வாங்க. படம் வேண்டாம். மப்ளரும் வேண்டாம். அம்மா பக்கத்துல நின்னு, எல்லார் முன்னாலயும் கழுத்தைக் காட்டி, இது என்கிட்ட இருந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அதுக்கு மேல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.’ வச்சுட்டா.

ஆமா சார். எனக்கும் இருக்கு. தொண்டையும் கிடையாது, தூசியும் கிடையாது. உங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன், ஏறின உடனே. வாய்க்குப் பழகிப்போச்சு.

அஞ்சாங்கிளாஸ்ல ஒருத்தன் ஈர்க்குச்சியை ஒடிச்சு அந்த ஓட்டைக்குள்ள விட்டுப் பார்த்தான். ரெண்டு பேர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ‘மீனு மீனு’ன்னு தெரு முழுக்கக் கத்திக்கிட்டு வந்தாங்க. எங்கம்மா அன்னைக்கு ஒரு துண்டை எடுத்து என் கழுத்துல சுத்தினா. ‘இதைக் கழட்டாதே, யார்கிட்டயும் சொல்லாதே, நான் பார்த்துக்கிடுதேன்’னா. பார்த்துக்கிட்டா சார், சாகுற வரைக்கும். கிரகணத்தையும் சாளையையும் கண்டுபிடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? அவளுக்குத் தெரியாதா எங்க இருந்து வந்துச்சுன்னு? என்னைக் காப்பாத்தத்தான் மருமக மேல போட்டா. நான் படத்தை மாட்டி கிரகணத்தை ஒரு மணி நேரம் உடைச்சேன். கடைசியில அவ ‘நீயே சொல்லு’ன்னு பார்த்தா பாருங்க, அவகூட அன்னைக்குப் பயந்துட்டா, நான் எங்க நிசத்தைச் சொல்லிடுவேனோன்னு. நான் இயற்கைன்னேன். எங்கம்மாவுக்கு நிம்மதி.

வடிவுக்குக் கல்யாணமான மறுநாளே தெரியும். கட்டினவளுக்குத் தெரியாம எப்படி? அவ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன் சார். அவ கேக்கவே இல்லை. மீனை மட்டும் தொடலை.

ஆரல்வாய்மொழி வந்தாச்சு போல. காத்தைப் பாருங்க, பஸ்ஸையே தள்ளுது. இன்னும் அரை மணி நேரம்தான் வடசேரிக்கு. காலையில மப்ளரைப் பீரோவுலயே வச்சுப் பூட்டிட்டுத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். டீக்கடைக்காரர், ‘என்ன சார் இன்னைக்கு மப்ளர் காணோம்?’னார். திரும்பி வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துட்டேன். போனதுதான் போனோம்னு படத்தையும் எடுத்துக்கிட்டேன். இதுக்குள்ள ரெண்டு பஸ் போயிடுச்சு.

சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? நீங்க முன்னப்பின்ன தெரியாத ஆள். வடசேரியில இறங்கினா நீங்க யாரோ, நான் யாரோ. உங்ககிட்ட ஒருதடவை காட்டிப் பார்க்குறேன். ஆஸ்பத்திரியில சம்பந்தியம்மா இருப்பாங்க, சிவதாணு இருப்பார், பக்கத்து பெட்டெல்லாம் ஆள் இருக்கும். எடுத்த எடுப்புல அங்க எனக்கு வராது. இருங்க. இது ஒரு முடிச்சு. கை வர மாட்டேங்குது.

இந்தா. வலது பக்கம், தெரியுதா? எலும்புக்குக் கொஞ்சம் மேல. இடது பக்கம் இது. வெளிச்சத்துக்குத் திரும்பட்டுமா? கிட்ட வந்தே பாருங்க, பரவாயில்லை.

என்ன சொன்னீங்க?

இவ்வளவுதானாவா?

ஆமா சார். இவ்வளவுதான். கடுகளவு. அந்தப் பக்கத்து சீட்டு அம்மாகூடப் பார்த்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க, அவங்களுக்கு அது ஒரு விசயமே இல்லை. இவ்வளவுக்குத்தானா சார்? வடிவு முப்பது வருசம் மீனைத் தொடலையே சார்.

இல்லை, ஒண்ணுமில்லை. காத்துல கண்ணு கலங்குது. இல்லை, அதுவும் பொய். அழுகைதான்.

வடசேரி வந்துடுச்சா? படத்தை எடுக்காதீங்க, அது மேலயே இருக்கட்டும். கண்டக்டர் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கட்டும். கொடுக்காட்டியும் சரி. சார், இந்த மப்ளரை உங்க பையில போட்டுக்கங்க. தயவு பண்ணுங்க. துவைச்சதுதான். வீட்டுல போய்த் தூரப் போட்டாலும் சரி, கரித்துணியா வச்சுக்கிட்டாலும் சரி. என் கையில மட்டும் கொடுக்காதீங்க. கொடுத்தா, ஆஸ்பத்திரி வாசல் போறதுக்குள்ள மறுபடி சுத்திக்கிடுவேன்.